எருமைப்புறத்தே பட்டவன்: எடுத்தனூர் நடுகல் காட்டும் மேய்ப்பர் வாழ்வு

நடுகல் என்ற அளவில் தமிழ் பயின்றார் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது வீரமே. தொல்காப்பியப் புறத்திணையியல், கல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகப் பகுத்து, அவற்றை வெட்சித்திணையின்கண் வைத்து ஓதுகின்றது. புறநானூற்றுக் கரந்தைப் பாடல்கள் நிரை மீட்டு மாய்ந்தோனைப் பாடுகின்றன. அகநானூற்றுப் பாலைப் பாடல்கள் பீலி சூட்டிய கற்களை வழிதோறும் காட்டுகின்றன. எனவே அகழ்ந்தும் தேடியும் கண்ட கற்களை எல்லாம் புறத்திணைத் துறைகட்கு அமைந்த எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே நிலைத்தது. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில நூல் சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்தபின் அவ்வழக்கம் மேலும் வலுப்பெற்றது எனலாம்.

இந்நோக்குப் பிழையன்று; ஆயின் நிறைவுடையதும் அன்று. கல்லில் நிற்பவன் ஒரு நாள் போரிட்டு மாய்ந்தான். அதற்கு முன்னர்ப் பல்லாண்டுகள் அவன் என்ன தொழில் செய்து வாழ்ந்தான்? அவன் மாய்ந்தது போர்க்களத்திலா, அன்றித் தொழில் செய்த இடத்திலா? இவ்வினாக்களைத் துறை இலக்கணம் எழுப்புவதில்லை. கற்களோ இவற்றுக்கு விடை கூறுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் கிடைத்த ஒரு நடுகல்லை நடுவாக வைத்து, அப்பகுதியில் வெயிலிலும் மழையிலும் வாழ்ந்து உழைத்த எளிய மேய்ப்பன் ஒருவனின் வாழ்வை இலக்கியமும் கல்வெட்டும் கொண்டு அறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கல்லும் அதன் செய்தியும்

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை தேடித் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் பெயரால் 1972-இல் வெளியிட்டது. பல்லவர் கால எழுத்து வரலாற்றுக்கு அத்தொகுதி புதிய ஒளி தந்தது. பல்லவ வேந்தரின் ஆட்சியாண்டு குறித்த இக்கற்களுட் பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்திருத்தல் அதற்குக் காரணமாகும். அரசரின் குடைவரைகளில் காணும் எழுத்து வேறு. ஊர்ப்புறத்துக் கல்லில் காணும் எழுத்து வேறு. ஊரார் தம் இழப்பைத் தம் கைக்குப் பழகிய எழுத்தாலேயே பொறித்தனர்.

அத்தொகுதியுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்பு வாய்ந்தது. அது மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது. அது கூறும் செய்தி சுருக்கமானது. வாணகோ அரைசரின் மருமக்களாகிய பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவகத்தி என்பான், தன் எருமைப்புறத்தே பட்டான், இக்கல் அவனுடையது. இதனை அடுத்துத் தனியே ஒரு செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பதே அது. வீரன் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

இச்செய்தியின் அமைப்பை நோக்குக. முதலில் பேரரசன், அடுத்து வாணர் குலச் சிற்றரசன், அவன் கிளையினர் ஒருவர், அவர்க்குக் கீழ் இளமகன், இறுதியில் நாய் எனப் படிப்படியாக அது இறங்கி வருகின்றது. மேலே நிற்கும் மூவரும் காலத்தையும் சார்பையும் குறிக்கவே வந்தனர். செயல் செய்தோர் கீழே நிற்கும் இருவரே. பேரரசனின் பெயர் இங்கு ஆண்டுக்கணக்கிற்கு உதவும் ஓர் அளவுகோல் மட்டுமே.

அவ்வளவுகோலும் வரலாற்றுக்குப் பயன்பட்டது. முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சியைக் கி.பி. 600 முதல் 630 வரை என முற்கால ஆய்வாளர் சிலர் வரையறுத்திருந்தனர். அவனுடைய 34-ஆம் ஆண்டைக் கூறும் கல் கிடைத்தபின் முப்பது ஆண்டு என்னும் அவ்வரையறை பொருந்தாதாயிற்று. மத்தவிலாசம் இயற்றியவனும் மண்டகப்பட்டில் குடைவரை எடுத்தவனுமாகிய வேந்தன் எத்துணை ஆண்டு ஆண்டான் என்பதற்கு, எருமை காத்து இறந்த ஓர் எளியோனின் கல் சான்றாக வேண்டியிருந்தது.

2. நிலமும் வழியும்

செங்கம், திருவண்ணாமலைக்கு மேற்கே, சவ்வாது மலைத்தொடருக்கும் தென்பெண்ணை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் உள்ளது. சேயாறு சவ்வாது மலையில் தோன்றி இப்பகுதி வழியே இறங்குகின்றது. மேற்கே தருமபுரி, கிருட்டினகிரிப் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து கீழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழி செங்கம் கணவாயே ஆகும். 1767-இல் ஐதரலியின் படையும் ஆங்கிலேயர் படையும் முதலில் செங்கத்திலும் பின்னர்த் திருவண்ணாமலையிலும் பொருதமைக்கு இவ்வழியின் இருப்பே காரணம். படை செல்லத்தக்க வழி, கால்நடையை ஓட்டிச் செல்லவும் தக்கதாகும். பல்லவர் காலத்தில் வாணரும் கங்கரும் இதன் அயலே ஆண்டனர். எல்லை நிலம், காடு, மேய்ச்சற் புலம், கணவாய் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தில் நடுகற்கள் செறிந்திருத்தல் வியப்பன்று.

இந்நிலத்தைப் பாடிய பாட்டு மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் இயற்றிய இப்பாட்டு, செங்கண்மா என்னும் ஊரில் ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. அச்செங்கண்மாவே செங்கம் என்பதும், பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்பதும் ஆய்வாளர் கொண்ட முடிபு. எடுத்தனூர்க் கல்லுக்குச் சில நூற்றாண்டு முற்பட்ட இப்பாட்டு, அதே வழிகளில் நடந்து செல்வார்க்கு உரைத்த அறிவுரையாதலின், அங்கு வாழ்ந்தாரின் தொழிலை அறிதற்கு ஏற்ற கருவியாகின்றது.

கானவர் தினைப்புனத்திற்குக் காட்டுப்பன்றி வரும் சிறுவழிகளில் கற்பொறிகளை மாட்டியிருப்பர். ஆதலின் விடிந்தபின் நடந்து செல்க என்கின்றார் புலவர். புனங்காப்போர் பரண் மீதிருந்து யானையை வெருட்டக் கவண்கல் எறிவர். அக்கல் பாய்ந்துவரும் இடங்களில் மரத்தை மறைவாகக் கொண்டு செல்க என்கின்றார். தொழிலின் நுட்பமும் அதன் ஏதமும் இவ்வறிவுரைகளில் ஒருங்கே புலனாகின்றன. கவர்த்த வழிகளில் பெயரோடு நட்ட கற்கள் எண்ணிறந்தன உள என்றும் அவர் கூறுகின்றார். இலக்கியம் செங்கத்து வழிகளில் கண்ட கற்களையும் தொல்பொருள் துறை அதே வட்டாரத்தில் கண்ட கற்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், இம்மரபு அந்நிலத்தில் அறாது தொடர்ந்தமை பெறப்படும்.

3. மேய்ப்பனின் உடலும் நாளும்

கருந்தேவகத்தி எவ்வாறு வாழ்ந்தான் என்பதைக் கல் விரித்துரைக்கவில்லை. ஆயின் அவனைப் போன்றோர் வாழ்வைத் தொண்டைநாட்டுப் பாட்டாகிய பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடையனின் அடியில் செருப்புப் பதிந்த வடு உண்டு. கை, தண்டு ஊன்றியும் மழுவால் வெட்டியும் காழ்ப்பேறியது. தோள், உறி தொங்கும் காவைச் சுமந்து தழும்பேறியது. அவன் உடுப்பது ஓர் ஆடை, உண்பது கூழ். தீக்கடைகோலால் துளையிட்டுக் குழல் செய்வான். குமிழங் கொம்பில் மரல் நாரைக் கட்டி யாழும் செய்வான்.

அடி, கை, தோள் என்னும் மூன்றும் தொழிலின் சுவடு தாங்கிய உறுப்புகளாக இங்கு நிற்கின்றன. அரசரையும் மறவரையும் பாடுங்கால் மார்பின் விழுப்புண்ணைப் பாடும் மரபு, இடையனைப் பாடுங்கால் உழைப்பின் தழும்பைப் பாடுகின்றது. புலவர் அதனைப் புகழாகவோ இரக்கமாகவோ கூறாது, கண்டாங்குக் கூறினார். மழு, தண்டு, தீக்கடைகோல், உறிக்கா ஆகியவை காட்டில் தங்கி வாழ்வோனுக்கு இன்றியமையாதவை. மழு தழை வெட்டவும் பட்டிக்கு முள் வெட்டவும் உதவும். தீ குளிரையும் விலங்கையும் விலக்கும். காவடி உறியில் பாலும் மோரும் செல்லும்.

இரவு வாழ்வை மலைபடுகடாம் காட்டுகின்றது. ஆட்டு மந்தையினரிடம் இரவில் செல்வார் பாலும் சோற்று மிதவையும் பெறுவர். தோல்களைத் தைத்த படுக்கையில் தீயைத் துணையாகக் கொண்டு உறங்குவர் என்பது அப்பாட்டின் செய்தி. வந்தவர்க்கு இன்பமாகத் தோன்றும் அத்தீயே மேய்ப்பனுக்குக் காவற் கருவி. அத்தீயின் எல்லைக்கு அப்பால் புலியும் கள்வரும் உளர். தமிழகத்தின் பல பகுதிகளில், சிறப்பாகக் கொங்குநாட்டில் காணும் புலிகுத்திக் கற்கள், அவ்வச்சம் கற்பனையன்று என்பதற்குச் சான்றாவன.

4. ஆவும் எருமையும்

எடுத்தனூர்க் கல்லில் யாம் பெரிதும் கருதத்தக்கதாகக் கொள்வது ‘எருமை’ என்னும் சொல்லே. வெட்சி, கரந்தைத் துறைகளின் பெயர்களும் விளக்கங்களும் ஆவையே சுட்டுவன. ஆகோள், ஆநிரை, நிரைமீட்சி என்பவற்றுள் எருமைக்கு இடம் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்றும் ஆகோள் என்னும் சொல்லையே ஆள்கின்றது. செங்கம் பகுதிக் கற்கள் பலவற்றுள் வரும் ‘தொறு’ என்பதும் ஆநிரையைக் குறிப்பதாகவே கொள்ளப்படுகின்றது.

எருமையை இலக்கியம் அறியாததன்று. கலித்தொகையின் முல்லைக்கலி, ஆயருள் எருமை உடையாரைக் கோட்டினத்தார் என்றும், ஆடுடையாரைப் புல்லினத்தார் என்றும் பிரித்துப் பேசும். ஆகவே அன்றாட வாழ்வைப் பாடும் அகப்பாடல் எருமைக்கு இடந்தருகின்றது. புகழை வகுக்கும் புறத்துறை ஆவையே முன்னிறுத்துகின்றது. எருமைக்காக இறந்தவனுக்குத் துறையிலக்கணத்தில் தனிப்பெயர் இல்லை. ஊரார் அதனை நோக்காது கல் நட்டனர்; அவன் காத்தது எருமை என்பதை மறையாது எழுதியும் வைத்தனர்.

எருமையின் மதிப்பு யாது என்பதைப் பிற்காலக் கல்வெட்டு ஒன்றால் உணரலாம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிதற்கு 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை என வகுத்தான். இதன்படி ஓர் எருமை மூன்று பசுவுக்கும் ஆறு ஆட்டுக்கும் ஈடாகும். காலமும் நாடும் வேறாயினும், நெய்யைக் கொண்டு அளக்குங்கால் எருமை எத்துணை உயர்ந்தது என்பது இதனால் விளங்கும். சில எருமைகளை இழத்தல் ஒரு குடியின் வாழ்வை இழத்தலாகும். அவற்றுக்காக ஒருவன் உயிர் கொடுத்தான் எனின், அது புகழ் வேட்கையால் மட்டும் நிகழ்ந்தது எனல் பொருந்தாது.

5. இளமகன், தன், கள்ளன்

கல்லில் வரும் மூன்று சொற்கள் ஆராயத்தக்கன. ‘இளமகன்’ என்பதற்குப் பணியாள் எனவும் இளவீரன் எனவும் பொருள் கொள்ள இடமுண்டு. எப்பொருள் கொள்ளினும் அவன் பொற்றொக்கையாரைச் சார்ந்து வாழ்ந்தவன் என்பது தெளிவு. அங்ஙனமாயின் ‘தன் எருமை’ என்பது யாது? அவனுக்கே உரிய எருமை எனலாம். தலைவனுக்கு உரியதாய் அவன் பொறுப்பில் இருந்த எருமை எனவும் கொள்ளலாம். முதற்பொருள் கொள்ளின், சார்ந்து வாழ்ந்தவனும் சில கால்நடைகளைத் தனக்கெனக் கொண்டிருந்தான் என்பது பெறப்படும். இரண்டாம் பொருள் கொள்ளின், பிறர் பொருளைத் தன்னதாகவே எண்ணிக் காத்தான் என்பது பெறப்படும். முதற்பொருளே நேரியது என யாம் கருதுகின்றோம். தலைவனின் பெயரைக் கூறிய பின்னரும் அவன் எருமை என்னாது ‘தன்’ என விதந்து கூறினமையின், அச்சொல் கருந்தேவகத்தியின் உரிமையைக் காட்டவே வந்தது என்க.

மூன்றாவது சொல் ‘கள்ளன்’. வேந்தனால் விடுக்கப்பட்ட முனைஞர் வேற்றுப்புலத்து ஆவைக் கொணர்தலைத் தொல்காப்பியம் களவு என்றே குறிக்கின்றது. எனினும் அடுத்தே ஓம்பல் என்னும் சொல்லையும் வைத்து அதற்கு ஒரு முறைமை கற்பித்தது. உரையாசிரியரும் அதனை அறத்தின்பாற் படுத்தி விளக்குவர். செங்கம் கற்கள் பலவற்றுள் தொறு கொண்ட நிகழ்ச்சி ஒரு படைச்செயலாகவே கூறப்படுகின்றது. ஆனால் எடுத்தனூரில் எருமையைக் கவர வந்தவர்க்கு வேந்தனும் இல்லை, வெட்சிப்பூவும் இல்லை. அவர் வெறுங் கள்ளரே. மேய்ப்பனின் பக்கம் நின்று எழுதிய ஊரார்க்கு அச்செயல் திருட்டாகவே தோன்றிற்று.

ஆகவே நடுகற்களை எல்லாம் ஒரே வகையாகக் கொள்ளுதல் தகாது. தலைவர் பகையால் நிகழ்ந்த தொறுக்கோளில் பட்டவர் கற்கள் ஒருவகை. காவல் தொழிலிடையே கள்ளராலும் விலங்காலும் பட்டவர் கற்கள் மற்றொருவகை. முன்னதைப் போர் எனலாம். பின்னதைத் தொழிலிடை நேர்ந்த இறப்பு எனலே பொருந்தும். புறத்திணைத் துறை முன்னதற்கு நன்கு பொருந்தும். பின்னதை அத்துறையால் மட்டும் விளக்கின், இறந்தவனின் தொழில் மறைந்து அவன் பெயரில்லா மறவருள் ஒருவனாகி விடுகின்றான்.

6. நாய்

கோவிவன் என்னும் நாயைப் பற்றிய செய்தி இம்முடிபை வலியுறுத்துகின்றது. பறவைக்கும் விலங்குக்கும் கல் நடுதல் இப்பகுதிக்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் போரிட்டு மாய்ந்த சேவற்கோழிக்கு எடுத்த கல் உண்டு. ஆயின் அது கோழிப்போரின் புகழ் பற்றியது. எடுத்தனூர் நாயோ தொழில் துணை. மேய்ப்பன் பட்ட பின்னரோ பட்ட பொழுதோ அது கள்ளரைக் கடித்தது. கடித்ததோடு அகலாது காத்து நின்றது. மேய்ச்சற் காட்டில் ஒருவன் தனித்து இறந்தால் அவ்விறப்புக்குச் சான்று கூறுவார் யார்? ஊரார் வந்து பார்த்தபொழுது அங்கு நின்றது நாயே போலும். வந்தவர் அந்நாயின் பெயரை அறிந்திருந்தனர். நாய்க்குப் பெயரிட்டு அழைத்துப் பழகிய வாழ்வும், அப்பெயரை அயலாரும் அறிந்திருந்த நெருக்கமும் இவ்வொரு செய்தியால் தெரியவருகின்றன. இத்தகைய நுண்மை எந்த மெய்க்கீர்த்தியிலும் காணற்கரிது.

7. கோயிற் கல்வெட்டும் ஊர்ப்புறக் கல்லும்

செங்கம் பகுதி மேய்ப்பரின் உழைப்பு பிற்காலத்தில் எங்குச் சென்றது என்பதை அறியத் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலை நோக்குதல் வேண்டும். அக்கோயிற் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் தொகுத்து வெளியிட்டது. அவற்றுள் சோழர் காலத்து நந்தா விளக்குக் கொடைகள் உள. விளக்கொன்றுக்கு 96 ஆடு விடுதல் சோழநாடெங்கும் வழங்கிய முறை. அவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்படும். ஆடு சாகும்; மூக்கும்; ஆயினும் கணக்கில் அவ்வெண் குறையலாகாது. குறைந்ததை மேய்ப்பனே நிரப்பித் தன் வழியினரும் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்குமாறு செய்தல் வேண்டும். மன்றாடிகள் எனப்பட்ட அம்மேய்ப்பர்க்குச் சுற்றத்தார் பிணை நின்றமையைத் தஞ்சைக் கல்வெட்டுகள் பெயர்ப்பட்டியலோடு கூறுகின்றன.

இவ்விருவகைக் கல்லையும் ஒப்பு நோக்குக. கோயிற் கல்லில் கொடுத்தவனே எழுவாய். மேய்ப்பன் கடமை ஏற்றவனாக இறுதியில் வருகின்றான். அவன் ஆடு சாவதில்லை எனக் கணக்கு கூறுகின்றது. அவன் சாவைப் பற்றி அது பேசுவதில்லை. ஊர்ப்புறக் கல்லில் அவனே எழுவாய். வேந்தன் காலங்குறிக்க முதலில் வந்து அகல்கின்றான். கார்த்திகைத் திங்களில் அண்ணாமலை உச்சியில் எரியும் பெருவிளக்கும் நெய்யால் எரிவதே. நெய்க்குப் பின்னே பட்டியும், பட்டிக்குப் பின்னே இரவெல்லாம் விழித்திருந்த ஒருவனும் இருந்தமையை எடுத்தனூர் நடுகல் நினைவூட்டுகின்றது.

8. வேடியப்பன்

திருவண்ணாமலை, தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களில் பழைய நடுகற்கள் பல இன்று வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. வட்டெழுத்தைப் படிப்பார் இலராயினமையின் கல்லில் உள்ள பெயர் மறந்தது. வில்லேந்திய உருவம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வுருவத்தை வேடன் என்றும் தந்தை என்றும் மக்கள் கொண்டனர். புலவர் அவனை மறவனாக்கினர். ஊரார் அவனைக் காட்டில் திரிந்த அப்பனாக்கினர். இரண்டனுள் ஊராரின் பெயரே அவன் தொழிலுக்கு அணித்தாக நிற்கின்றது. திருவண்ணாமலைக்கு அருகே கவுத்திமலையை அடுத்த மலைக்கு வேடியப்பன் மலை என்பதே பெயர். 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு இரும்புத்தாது அகழும் திட்டம் எழுந்தபொழுது, அதனை எதிர்த்துச் சுற்றியுள்ள ஊர்மக்கள் நின்றனர். மேய்ச்சலும் வழிபாடும் ஒரே மலையில் நிகழும் நாட்டில், அப்பெயர் வெறும் பழமையன்று என்பதற்கு அஃது ஒரு சான்று.

இதுகாறும் கூறியவாற்றான் பெறப்படுவன மூன்று. எடுத்தனூர்க் கல் போர்வீரன் கல் என்பதினும் தொழிலிடைப் பட்ட மேய்ப்பன் கல் எனக் கொள்ளத்தக்கது. அதில் வரும் எருமை, கள்ளன், நாய் என்னும் சொற்கள் புறத்துறை மரபுக்குள் அடங்காத வாழ்வைக் காட்டுவன. ஆகவே நடுகல் ஆய்வில், எத்துறைக்கு உரியது என்னும் வினாவுக்கு முன்னர், இறந்தவன் எத்தொழில் செய்தான், எதனைக் காத்தான், யாரைச் சார்ந்திருந்தான் என்னும் வினாக்கள் எழுதல் வேண்டும். செங்கம் தொகுதியில் உள்ள கற்களை இம்முறையில் வகைப்படுத்தி ஆராய்தல் இளைய ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கருந்தேவகத்தி எனப் பெயர் எழுதி வைத்த ஊரார், அப்பெயரைப் படிக்கும் கடனை நமக்கு விட்டுச் சென்றுள்ளனர்.